‘இங்கே வாழ்ந்தார்’ என்று எழுதும் முன்

போன இதழில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, வீடுகளில் பதிக்கும் நினைவுப் பலகைகளுக்கு வாசகம் எழுதிக்கொடுப்பதும் என் வேலைகளில் ஒன்று என்று போகிறபோக்கில் குறிப்பிட்டிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. வரலாற்று ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற பிறகு இருபது வருடமாக இதைச் செய்கிறேன். நாற்பது பலகைகளுக்கு மேல் இருக்கும். சரி, இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி: எங்கள் தெருவில் இருந்த மருத்துவர் மூன்று வருடம் முன்பு காலமானார். ஏழைகளிடம் காசே வாங்காதவர். அவர் வீட்டில் உடனே ஒரு பலகை வைக்க ஆசைப்படுகிறோம். யாருக்கு வைக்கலாம், எப்போது வைக்கலாம் என்று விதி ஏதும் உண்டா அம்மா?

எல்லோருக்கும் பொதுவான விதி கிடையாது. ஆனால் நீண்ட காலமாக இதைச் செய்பவர்களின் அனுபவம் இருக்கிறது. லண்டனில் புகழ்பெற்றவர்கள் வாழ்ந்த வீடுகளில் நினைவுப் பலகை வைக்கும் நீலப் பலகைத் திட்டத்தை இப்போது நடத்தும் இங்கிலீஷ் ஹெரிடேஜ் அமைப்பு, ஒருவர் இறந்து 20 ஆண்டு ஆன பிறகே அவருடைய பெயரைப் பரிசீலிக்கிறது. அந்தத் திட்டம் 1866-ல் தொடங்கியது. அடுத்த ஆண்டு வைத்த பலகைகளில் ஒன்று பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனுக்கு. அப்போது அவர் உயிரோடு, அரியணையிலேயே இருந்தார். மூன்றே ஆண்டில், 1870-ல், போரில் தோற்று அரியணையை இழந்தார். பலகை மட்டும் கிங் தெருவில் இன்றும் இருக்கிறது. இங்கிலாந்தின் ஸ்கார்பரோவில் நடந்தது இன்னும் வேதனையானது. தொலைக்காட்சிப் புகழ் ஜிம்மி சாவில் 2011-ல் இறந்தார். மறு வருடமே அவர் மீது பாலியல் குற்றச்சாட்டுகள் வரிசையாக வெளிவந்தன. அவர் வீட்டில் இருந்த நினைவுப் பலகையை 2012-லேயே கழற்ற வேண்டியதாயிற்று.

உங்கள் மருத்துவரை இவர்களோடு சேர்த்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். காத்திருப்பதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. துக்கத்தில் எழுதும் வாசகம் ஒரு மாதிரி இருக்கும், தெரிந்து எழுதும் வாசகம் வேறு மாதிரி இருக்கும். பலகையைத் தள்ளிப்போடுங்கள், வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். அவரிடம் வைத்தியம் பார்த்தவர்கள் இன்று இருக்கிறார்கள், இருபது வருடம் கழித்து இருக்கமாட்டார்கள். அவர்கள் சொல்வதை இப்போதே தேதி போட்டு எழுதி வாங்குங்கள். எந்த வருடம் அந்த வீட்டுக்குக் குடிவந்தார், எந்த அறையில் நோயாளிகளைப் பார்த்தார், கம்பவுண்டராக யார் இருந்தார், எல்லாமே வேண்டும்.

கேள்வி: வீடு இதுதான் என்று பெரியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அது போதாதா?

போதாது. இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் நான் தவறு செய்திருக்கிறேன்.

என்னுடைய ஆறாவது பலகையோ ஏழாவதோ, ஓர் அச்சகக்காரருக்கு. வீட்டு முன்கூடத்தில் தானே எழுத்துக் கோத்து ஒரு வாரப் பத்திரிகையை நடத்தியவர். அவருக்கு வந்த கடித உறை ஒன்று எங்கள் குழுவிடம் இருந்தது. முகவரியில் கதவு எண் 17 என்று தெளிவாக எழுதியிருந்தது. தெருப் பெரியவர்கள் இரண்டு பேரும் அதே வீட்டைத்தான் காட்டினார்கள். அந்த வீட்டுக்காரர்கள் மகிழ்ச்சியோடு சம்மதித்தார்கள். கருங்கல் பலகையை வைத்தோம், சின்னதாக ஒரு கூட்டமும் நடந்தது.

பதினோரு மாதம் கழித்து, அதே தெருவில் இருக்கும் ஒரு பெரியவர் பழைய வரி ரசீது ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ‘பழைய எண் 17, புதிய எண் 31’ என்று இருந்தது. நடுவில் ஒரு காலத்தில் தெருவுக்கு மறு எண் போட்டிருக்கிறார்கள். உறையில் இருந்தது பழைய 17. நாங்கள் பலகை வைத்தது புதிய 17. தெருப் பெரியவர்கள் வீட்டைக் காட்டியதும், தங்களுக்கு அது நேரடியாகத் தெரியும் என்பதால் இல்லை. அவர்களிடம் நாங்கள்தான் முதலில் “பதினேழுதானே?” என்று கேட்டிருக்கிறோம்.

பலகையைக் கழற்றிய நாளை நான் மறக்கவில்லை. சுவரில் நான்கு ஓட்டைகள். சுண்ணாம்போடு செங்கல் பொடியைக் குழைத்து அடைத்தோம். நிறம் என்ன செய்தும் ஒட்டவில்லை, இன்றும் நான்கு பொட்டாகத் தெரிகிறது. அந்த வீட்டுச் சிறுமி தன் வகுப்பையே கூட்டிவந்து பலகையைக் காட்டியிருக்கிறாள். அவளிடம் போய் நின்று, “தப்பு எங்களுடையது” என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு 31-ஆம் எண் வீட்டுக்குப் போனோம். விவரம் சொன்னதும் அந்த அம்மாள் உள்ளே போய் ஒரு தகர டப்பாவை எடுத்துவந்தார். பின்பக்கம் தோட்டம் கொத்தும்போது கிடைத்தவையாம், ஈய எழுத்துகள். மண் போகக் கழுவி வைத்திருந்தார். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறிய ‘ழ’. ஆதாரம் அந்தத் தெருவிலேயே, ஏழு வீடு தள்ளி, ஒரு டப்பாவில் இருந்திருக்கிறது. நாங்கள் அந்தக் கதவைத் தட்டவே இல்லை.

அன்றிலிருந்து ஒரு முறை வைத்திருக்கிறேன். ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு ஆதாரமாவது வேண்டும். பத்திரம், வரி ரசீது, வாக்காளர் பட்டியல், அந்தக் காலத்து நகர வரைபடம், தபால் முத்திரையோடு உறை, இவற்றில் எதுவும் சரி. ஒரு புத்தகத்தில் இருப்பதை இன்னொரு புத்தகம் எடுத்துப் போட்டிருந்தால் அது இரண்டு ஆகாது. முக்கியமாக, எண் எந்த வருடத்து எண் என்று கேளுங்கள். தெருப் பெயரும் அப்படித்தான், மாறியிருக்கலாம். பெரியவர்களிடம் கேட்கும்போது வீட்டை நீங்கள் சொல்லாதீர்கள், அவர்களையே சொல்லவிடுங்கள். பிறகு தெருவில் எல்லாக் கதவையும் தட்டுங்கள்.

கேள்வி: வாசகம் இதோடு இணைத்திருக்கிறேன். சரிபார்த்துத் தர முடியுமா?

பார்த்தேன். எண்ணிப் பார்த்ததில் 94 சொற்கள். அதில் பெயரும் காலமும் போக, அந்த அம்மையார் என்ன செய்தார் என்று சொல்பவை ஒன்பது. மீதி எல்லாம் ‘ஒப்பற்ற’, ‘தன்னிகரற்ற’, ‘வணங்கத்தக்க’, அப்புறம் திறந்துவைத்தவர், முன்னிலை வகித்தவர், நன்கொடை தந்தவர் பெயர்கள். திறந்துவைப்பவரின் பெயர் அம்மையாரின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருக்கிறது. எனக்கு மனசு வலித்தது. உங்கள் மீது கோபம் இல்லை, எங்கே பார்த்தாலும் இப்படித்தான் இருக்கிறது.

தெருவில் போகிறவர் நின்று படிக்கும் நேரம் ஐந்தாறு விநாடிதான். நடுகல்லில் வீரனின் பெயரும் பீடும், அதாவது அவன் செய்த பெருமைக்குரிய செயலும், பொறித்தார்கள். அந்த இரண்டும் போதும், கூடவே இடத்தைச் சொல்லும் ஒரு சொல். நீங்கள் அனுப்பிய குறிப்புகளிலிருந்து இப்படி எழுதிப் பார்த்தேன். மேலே அவருடைய முழுப்பெயர், அடியில் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும். அதன் கீழே:

கணித ஆசிரியை.
வேலைக்குப் போகும் பெண்களுக்காக
இந்த வீட்டு மாடியில்
இரவுப் பள்ளி நடத்தினார்.
1931 – 1946

‘இந்த வீட்டு மாடியில்’ என்று படித்ததும் எவரும் தலையை நிமிர்த்தி மாடியைப் பார்ப்பார். ‘ஒப்பற்ற’ என்று படித்தால் யாரும் எதையும் பார்க்கமாட்டார்கள். நன்கொடையாளர்களுக்கு நன்றி சொல்ல ஒரு சின்ன ஏடு அச்சிடுங்கள், அவர்கள் அதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். ‘வாழ்ந்தார்’ என்றால் வருடக்கணக்கில் குடியிருந்தார் என்று பொருள். நான்கு நாள் விருந்தாளியாக இருந்தவருக்கு ‘தங்கினார்’தான் சரி. பிறந்த வீடும் வாழ்ந்த வீடும் வேறு என்றால் எது இது என்று சொல்லுங்கள். லண்டனில் புரூக் தெரு 25-ஆம் எண்ணில் இசையமைப்பாளர் ஹாண்டல் 1723 முதல் 1759-ல் இறக்கும் வரை இருந்தார். பக்கத்திலேயே 23-ஆம் எண்ணில் கித்தார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1968, 69-ல் ஒரு குறுகிய காலம் இருந்தார். ஒருவர் முப்பத்தாறு வருடம், இன்னொருவர் சில மாதங்கள். அடுத்தடுத்த சுவரில் இரண்டு பலகையும் இருக்கின்றன. ஆண்டுகளை எழுதியிருப்பதால் இரண்டுமே நேர்மையாக நிற்கின்றன.

இன்னொன்று, நம் எழுத்துக்கே உரியது. கல்லில் வெட்டும்போது மெய்யெழுத்தின் புள்ளி மிகச் சிறியதாகிவிடும். சாயம் போனால் முதலில் காணாமல் போவது அதுதான். புள்ளி போனால் பெயரே வேறாகிவிடும். ண, ன, ள சுழிகளுக்குள் தூசி அடைத்துக்கொள்ளும். அதனால் எழுத்தைச் சற்றுப் பெரிதாக வையுங்கள். பத்தடி தூரத்திலிருந்து வசதியாகப் படிக்க ஓர் அங்குல உயரமாவது வேண்டும். சொற்களை வரி முடிவில் உடைக்காதீர்கள். வெட்டுவதற்கு முன் அதே அளவில் காகிதத்தில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, எதிர்ப்பக்கம் நின்று, இதில் சம்பந்தமே இல்லாத ஒருவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். ஒற்றுப்பிழை, ஆண்டுப்பிழை எல்லாம் அங்கே மாட்டிவிடும். கல்தச்சரிடம் போன பிறகு திருத்த வழியில்லை.

கேள்வி: வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். இப்போது என்ன செய்வது?

இது முதல் பலகையிலிருந்தே இருக்கும் சங்கடம். லண்டனில் 1867-ல் கவிஞர் பைரன் பிறந்த வீட்டில் பலகை வைத்தார்கள். 1889-ல் வீட்டையே இடித்துவிட்டார்கள், பலகையும் போயிற்று. இன்று அங்கே கட்டடம் அசலாக மிஞ்சியிருந்தால்தான் நீலப் பலகை. நான் அவ்வளவு கண்டிப்பாக இல்லை. ‘இந்த இடத்தில் இருந்த வீட்டில்’ என்று எழுதி வையுங்கள். புதுக் கட்டடத்தில் ‘இந்த வீட்டில்’ என்று மட்டும் எழுதாதீர்கள், அது பொய்.

கேள்வி: பலகை வைத்தால் நாளைக்கு வீட்டை இடிக்கவோ விற்கவோ விடமாட்டார்கள் என்று வீட்டுக்காரர் பயப்படுகிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

உண்மையைச் சொல்லித்தான். பலகை வேறு, சட்டப்படி பாதுகாக்கப்படும் கட்டடம் வேறு. லண்டன் நீலப் பலகையே கட்டடத்துக்கு எந்தச் சட்டப் பாதுகாப்பும் தருவதில்லை. உங்கள் பகுதி விதியை விசாரித்து, எழுத்திலேயே அவரிடம் கொடுங்கள். கூடவே மூன்று விஷயத்தையும் எழுதிக்கொடுங்கள். எங்கே எத்தனை ஓட்டை போடுவீர்கள், பராமரிப்பு யார் செலவு, அவர் கழற்றச் சொன்னால் எத்தனை நாளில் கழற்றிச் சுவரைப் பழையபடி ஆக்கித் தருவீர்கள்.

ரஷ்யாவில் ‘கடைசி முகவரி’ என்று ஓர் இயக்கம் 2014-லிருந்து நடக்கிறது. சோவியத் காலத்தில் கைதாகிக் கொல்லப்பட்டவர்கள் கடைசியாக வாழ்ந்த கட்டடத்தில் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய எஃகுத் தகட்டைப் பொருத்துகிறார்கள். பெயர், தொழில், பிறந்த ஆண்டு, கைதான நாள், சுடப்பட்ட நாள். இடப்பக்கம் புகைப்படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சதுர ஓட்டை. அவ்வளவு கனமான விஷயத்துக்கே, அங்கே குடியிருப்பவர்கள் சம்மதித்தால்தான் தகடு. சம்மதமில்லாமல் வைத்ததை ஒரு நாள் ராத்திரி யாராவது பெயர்த்துப் போடுவார்கள்.

அவர் கடைசி வரை வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். நல்லபடியாகப் பேசிவிட்டு வாருங்கள். வீடு கைமாறும், பிள்ளைகள் வேறு மாதிரி நினைக்கலாம்.

கேள்வி: பளிங்கா, பித்தளையா, கருங்கல்லா?

கருங்கல். பளிங்கு மழையில் அரித்து எழுத்து மழுங்கும். பித்தளையைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும், உலோக விலைக்காகத் திருடும் பயமும் உண்டு. சுட்ட மண் பலகை செய்யத் தெரிந்தவர் கிடைத்தால் அது அருமை. லண்டன் பலகை அப்படிப்பட்டதுதான். குறுக்களவு 495 மில்லிமீட்டர், முகம் லேசாகப் புடைத்திருக்கும், மழையே கழுவிவிடும்.

எதுவானாலும் இரும்புத் திருகு மட்டும் வேண்டாம். துருப்பிடித்து வீங்கிக் கல்லையே பிளந்துவிடும். துருப்பிடிக்காத எஃகு வாங்குங்கள். ஓட்டையைச் செங்கல்லிலோ கல்லிலோ போடாமல் நடுவில் இருக்கும் சாந்துப் பட்டையில் போடுங்கள். பலகையைக் கழற்றினாலும் சாந்தை மறுபடி வைக்கலாம், உடைந்த செங்கல்லை ஒன்றும் செய்ய முடியாது. பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் வைத்து அடைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

கேள்வி: பெரிய மனிதர்களுக்கு மட்டும்தானா? என் பாட்டி ஒரு தாதி. எங்கள் பகுதியில் பாதிப்பேரை இந்த உலகுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். அவரைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் இல்லை.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். புத்தகத்தில் இல்லை என்பதற்காகத்தான் பலகை வேண்டும். புத்தகத்தில் இருப்பவருக்குப் புத்தகம் இருக்கிறதே.

லண்டனில் சில ஆண்டுகளுக்கு முன் கணக்கெடுத்தபோது, 900-க்கு மேற்பட்ட நீலப் பலகைகளில் பெண்களுக்கானவை சுமார் 14 விழுக்காடுதான். மக்கள் பெண்களின் பெயரை அனுப்பவில்லை, அதனால் வைக்கவும் இல்லை. பிறகு அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் ஒற்றராக பிரான்ஸுக்குள் போய், பிடிபட்டு, 1944-ல் டாஹௌ முகாமில் கொல்லப்பட்ட நூர் இனாயத் கானுக்கு 2020-ல்தான் பலகை வந்தது. அவர் போவதற்கு முன் குடியிருந்த டாவிட்டன் தெரு 4-ஆம் எண் வீட்டில்.

யாரும் கேள்விப்படாதவர்களுக்கும் வைக்கலாம் என்று எனக்குக் காட்டியது ஜெர்மனியின் ‘இடறும் கற்கள்’. குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 1992-ல் தொடங்கினார். பத்து சென்டிமீட்டர் கல், மேலே பித்தளைத் தகடு, நாஜிகள் கொண்டுபோனவர்கள் கடைசியாகத் தாங்களே விரும்பிக் குடியிருந்த வீட்டு வாசலில், நடைபாதையில் பதிக்கிறார்கள். 2023-ல் ஒரு லட்சமாவது கல்லைப் பதித்தார்கள். தையற்காரர், பள்ளிச் சிறுவன், கைக்குழந்தை என்று யாரெல்லாமோ இருக்கிறார்கள். பெரும்பாலான கற்கள் ‘இங்கே வாழ்ந்தார்’ என்றுதான் தொடங்குகின்றன. படிக்க வேண்டுமானால் குனிய வேண்டும்.

பாட்டியிடம் பிரசவக் குறிப்பேடு ஏதும் இருந்ததா? இல்லாவிட்டாலும் சரி. அவர் கையில் பிறந்தவர்களைத் தேடுங்கள். ஒவ்வொருவரிடமும் பெயர், பிறந்த தேதி, கையெழுத்து வாங்குங்கள். முப்பது பேர் கிடைத்தாலே அதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியாது. அவர் வாழ்ந்த வீடு எது என்பதற்கு மட்டும் ஒரு தாள் வேண்டும். கிடைத்ததும் எழுதுங்கள், வாசகம் நான் எழுதித்தருகிறேன்.

கேள்வி: நாங்கள் பலகை வைக்க நினைப்பவர் நல்லதும் செய்தார், சாதியை ஆதரித்தும் எழுதினார். பலகையில் எதை எழுதுவது?

எதற்காகப் பலகை வைக்கிறீர்களோ அதை மட்டும், புகழ்ச்சி இல்லாமல். ‘பாலம் கட்டினார்’ என்றால் அது உண்மை. ‘மக்கள் தலைவர்’ என்றால் அவர் யாரை மக்களாகவே நினைக்கவில்லையோ அவர்களும் அந்தத் தெருவில் நடக்கிறார்கள். அவர்களில் ஒருவரையாவது குழுவில் உட்காரவையுங்கள், வாசகத்தைப் படித்துக்காட்டுங்கள். அவர் முகம் சுளித்தால் அந்தப் பலகை வேண்டாம்.

கேள்வி: கியூஆர் கோடு வைத்தால் எல்லா விவரமும் தந்துவிடலாமே?

கூடுதலாக வையுங்கள், தனி ஸ்டிக்கராக. கல்லில் வெட்டாதீர்கள். கல் நூறு வருடம் இருக்கும், இணையப் பக்கம் கட்டணம் கட்டும் வரைதான் இருக்கும்.

கேள்வி: போன வருடம் பலகை வைத்தோம். இப்போது என்ன கவனிக்க வேண்டும்?

வருடம் ஒருமுறை தண்ணீரும் பருத்தித் துணியும் போதும். அமிலமோ கம்பி நாரோ வேண்டாம். எழுத்தில் சாயம் போயிருந்தால் மெல்லிய தூரிகையால் புள்ளிகளை முதலில் நிரப்புங்கள், பிறகு மற்றது. ஒரு மழைக்காலம் கடந்துவிட்டதால் நான்கு திருகையும் விரலால் அசைத்துப் பாருங்கள். அப்படியே வீட்டுக்காரரிடம் இரண்டு நிமிடம் பேசிவிட்டு வாருங்கள், பலகையைப் படித்துவிட்டு யாராவது கதவைத் தட்டினார்களா என்று கேளுங்கள். தட்டியிருந்தால், என்ன சொன்னார்கள் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.